படைவீரரின் கதையை எழுதக் கற்றுக்கொடுப்பது எப்படி: ராணுவச் செய்தியாளர்களுக்கான ஐந்து நாள் பயிற்சி, முழுமையான வழிகாட்டி

‘வெள்ளத்தில் சிக்கிய மக்களை மீட்கும் பணியில் ராணுவத்தினர் முழுவீச்சில் ஈடுபட்டனர்.’

ஊரையும் ஆண்டையும் மாற்றிப்போட்டால் எந்த வெள்ளத்துக்கும் இந்த வாக்கியம் பொருந்தும். எழுதியவர் மேல் தப்பில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். 2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கிக் கிடந்தபோது இப்படிப்பட்ட குறிப்புகள் நாள்தோறும் வந்தன. அவற்றில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கடற்படை ஹெலிகாப்டர் இரண்டு பெண்களைத் தூக்கி மீட்ட ஒரு வீட்டின் மொட்டைமாடி மட்டும் இன்றும் கண்ணில் நிற்கிறது. மேலே பறப்பவருக்குத் தெரியவேண்டும் என்று வெள்ளைப் பெயின்ட்டில் அவ்வளவு பெரிதாக ‘தேங்க்ஸ்’ என்று எழுதியிருந்தார்கள்.

படைகளின் மக்கள் தொடர்புப் பிரிவில் எழுதுகிறவர்களுக்கு, படம் எடுக்கிறவர்களுக்கு, அந்த மொட்டைமாடியைப் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பயிற்சி. புனைவு அல்ல, நடந்ததை மட்டும் வைத்துக் கதை சொல்வது. எழுத்துப் பயிற்சி நடத்துகிறவர்கள், ராணுவத்தில் செய்திப் பிரிவில் இருக்கிறவர்கள், காவல்துறை, தீயணைப்புத் துறை போன்ற சீருடைத் துறைகளில் இதே வேலை பார்ப்பவர்கள் எல்லாரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர், ஐந்து நாள். அதற்குமேல் ஆள் சேர்த்தால் ஒவ்வொருவர் எழுத்தையும் வாய்விட்டு வாசிக்க நேரம் இருக்காது.

தொடங்கும் முன்: எதிரே உட்கார்ந்திருப்பவர் யார்?

இவர்கள் எழுதத் தெரியாதவர்கள் அல்ல. யார், எங்கே, எப்போது என்று முக்கியமானதை முதலில் வைக்கும் தலைகீழ் பிரமிடு வடிவில் அரைமணி நேரத்தில் பிழையில்லாத குறிப்பு எழுதிவிடுவார்கள். அமெரிக்காவில் மேரிலாண்ட் மாநிலத்தின் ஃபோர்ட் மீட் முகாமில் உள்ள பாதுகாப்புத் தகவல் பள்ளியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரீன் என எல்லாப் படைகளின் செய்தியாளர்களும் ஒரே கூரையின் கீழ் பயிற்சி பெறுகிறார்கள். இது தனித் தொழில், தனிப் படிப்பு என்று அங்கே முடிவாகிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நம் பக்கமும் மரபு இல்லாமல் இல்லை. 1909 ஜனவரி 2 அன்று ‘ஃபௌஜி அக்பார்’ என்ற பெயரில் தொடங்கிய படை இதழ், 1954இல் ‘சைனிக் சமாச்சார்’ ஆனது. அது தமிழிலும் வந்திருக்கிறது.

ஆகவே நீங்கள் புதிதாக எதையும் ஊட்டப்போவதில்லை, ஒரு பழக்கத்தைத் தளர்த்தப்போகிறீர்கள். ராணுவம் தனி மனிதனைப் படைப்பிரிவுக்குள் கரைக்கக் கற்றுக்கொடுக்கிறது. போர்க்களத்தில் அது உயிர்காக்கும் பழக்கம். காகிதத்தில் அதே பழக்கம் ஆளை அழித்துவிடுகிறது. இதை முதல் மணியிலேயே மரியாதையோடு சொல்லிவிடுங்கள். அவர்கள் தொழிலைக் குறை சொல்வதுபோலத் தொடங்கினால் ஐந்து நாளும் கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொன்று, பதவிப் பட்டையைக் கதவுக்கு வெளியே வைக்க முடியுமா என்று முன்கூட்டியே பேசுங்கள். வகுப்பில் ஒரு மேஜரும், பதவியில் அவருக்கு மிகக் கீழே உள்ள ஒரு லான்ஸ் நாயக்கும் இருந்தால், மேஜரின் எழுத்தைப் பற்றி லான்ஸ் நாயக் வாய் திறக்கமாட்டார். நான் செய்வது இது: முதல் இரண்டு நாள் எழுத்துகளைப் பெயரில்லாமல் தட்டச்சு செய்து, கலைத்துக் கொடுத்து, வேறொருவரை வாசிக்கச் சொல்வேன். மூன்றாம் நாளுக்குள் பேச்சு தானாக வந்துவிடும்.

படி 1: படமாக வரைய முடியாத சொல்லை அடியுங்கள்

ஒவ்வொருவரும் தாங்கள் முன்பு எழுதிய குறிப்பு ஒன்றைக் கொண்டுவரட்டும். பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து, அதை வைத்து ஒரு படம் வரையச் சொல்லுங்கள். கோட்டுப்படம் போதும். ‘முழுவீச்சில்’, ‘அர்ப்பணிப்புடன்’, ‘சவாலான சூழலில்’ ஆகிய சொற்களை எவராலும் வரைய முடியாது. ‘இடுப்பளவுத் தண்ணீர்’, ‘கயிறு’, ‘கைக்குழந்தையைத் துணிக்கூடையில்’ என்றால் பென்சில் தானாக நகரும். வரைய முடியாத சொல் ஒவ்வொன்றையும் அடித்துவிட்டு, மிச்சத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பல நேரம் தேதியும் இடமும் மட்டும்தான் மிஞ்சும். அந்த மௌனத்தை நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இதோடு இரண்டு வேலைகள் கூடுதல். ஒன்று, ‘மேற்கொள்ளப்பட்டன’, ‘முடுக்கிவிடப்பட்டன’, ‘வழங்கப்பட்டது’ போன்ற வினைகள். செய்தவர் யார் என்பதை மறைக்க இதைவிடச் சிறந்த கருவி நம் மொழியில் இல்லை. ஒவ்வொரு ‘பட்டது’க்கும் கீழே கோடு போட்டு, செய்த ஆளைத் தேடிப்பிடிக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ‘வீரமரணம் எய்தினார்’. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, அந்தச் சொல்லின் பின்னால் உண்மையான மரியாதை இருக்கிறது. ஆனால் பனிச்சரிவில் புதைந்தவருக்கும், கண்ணிவெடியில் போனவருக்கும், தோழனை இழுத்துவரத் திரும்பிப் போனவருக்கும் ஒரே இரண்டு சொல் என்றால், மூன்று வீடுகளுக்கும் ஒரே கடிதம் போனதுபோல ஆகிறது. நம் முன்னோர் இதைவிடத் துல்லியமாக எழுதினார்கள். திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, ஏறத்தாழ 1,400 ஆண்டு பழசு. பட்ட வீரன் பெயர் கருந்தேவக்கத்தி. கூடவே கோவிவன் என்ற நாய் கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். நாயின் உருவமும் உண்டு. சில வரிக் கல்வெட்டில் அந்த நாயின் பெயருக்கு இடம் கண்டுபிடித்தவன் நல்ல செய்தியாளன். வகுப்பில் இந்தக் கல்லின் படத்தைக் காட்டுங்கள். நான் பேசி விளங்க வைக்க முடியாததை அது விளங்க வைத்திருக்கிறது.

படி 2: தலைப்பு வேறு, கதை வேறு

‘மருத்துவ முகாம்’ என்பது தலைப்பு. ‘தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் ஆறு மணி நேரம்தான் தாங்கும், பாலம் போய்விட்டது, செவிலியர் என்ன செய்தார்?’ என்பது கதை. ஒருவருக்கு ஒன்று வேண்டும், குறுக்கே ஒன்று நிற்கிறது, முடிவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. வேண்டியது கிடைக்காமலும் போகலாம்.

பயிற்சி: பத்துத் தலைப்புகளைப் பலகையில் எழுதுங்கள். கூட்டுப் பயிற்சி, படைப்பிரிவு நாள், ஆயுதக் கண்காட்சி, ஓய்வுபெறும் சுபேதார், சமையல் கூடம், அஞ்சல் பிரிவு, இப்படி. ஒவ்வொன்றிலும் ‘யாருக்கு, என்ன, எப்போதைக்குள்?’ என்ற மூன்று கேள்விக்கும் பதில் கிடைக்கும்வரை விடாதீர்கள். பெரும்பாலும் சமையல் கூடத்திலும் அஞ்சல் பிரிவிலும்தான் நல்ல கதை அகப்படும். கண்காட்சியில் அகப்படாது, அதைக் குறிப்பாகவே எழுதட்டும். எல்லாவற்றையும் கதையாக்க வேண்டியதில்லை என்பதும் பாடத்தின் ஒரு பகுதி.

படி 3: பேட்டி

இரண்டு நாளை இதற்கே ஒதுக்குங்கள். மற்றப் படிகளைச் சுருக்கினாலும் இதைச் சுருக்காதீர்கள்.

படைவீரரிடம் கேட்டால் வரும் முதல் பதில் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: ‘என் கடமையைச் செய்தேன், சார். எல்லாரும் சேர்ந்து செய்தோம்.’ இது அடக்கம், பயிற்சி, கொஞ்சம் தற்காப்பு. இதை உடைக்கப் பார்க்கக் கூடாது. சுற்றிவர வேண்டும்.

‘எப்படி உணர்ந்தீர்கள்?’ என்று முதலில் கேட்காதீர்கள். உணர்வைக் கேட்டால் மேடைப் பேச்சு வரும். காகிதத்தையும் பேனாவையும் அவர் கையில் கொடுத்து, ‘நீங்கள் நின்ற இடம் எது, அண்ணே? மற்றவர்கள் எங்கே?’ என்று வரையச் சொல்லுங்கள். படைவீரருக்கு வரைபடம் தாய்மொழி. கை வரைய ஆரம்பித்ததும் வாய் கதை சொல்லும். அதன்பின் உங்கள் வேலை ‘அதுக்கப்புறம்?’ என்று கேட்பது மட்டும்தான். கையில் என்ன இருந்தது, பாக்கெட்டில் என்ன இருந்தது, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யார் முதலில் பேசினார், எந்த மொழியில் பேசினார்? ஒரு தமிழர் இக்கட்டில் தன்னையறியாமல் தமிழில் கத்தியிருந்தால் அந்தக் கத்தல்தான் உங்கள் காட்சி.

முடிந்தால் அதே இடத்துக்கு நடந்து போங்கள். முடியாவிட்டால் அவர் அன்றைக்குப் போட்டிருந்த பூட்ஸ், வைத்திருந்த கருவி, எடுத்த புகைப்படம் ஏதாவது ஒன்றைப் பேட்டிக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

குழுவாகப் பேட்டி எடுக்கலாமா? இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் வரலாற்றாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், 1943 நவம்பரில் பசிபிக்கில் மேக்கின் தீவுச் சண்டை முடிந்த கையோடு வீரர்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பேசவைத்தார். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தார், ஒருவர் தப்பாகச் சொன்னதை இன்னொருவர் திருத்தினார். அருமையான முறை. ஆனால் சண்டையில் நால்வரில் ஒருவருக்கு மேல் துப்பாக்கியைச் சுடவில்லை என்று பிறகு அவர் எழுதிய கணக்குக்குப் போதிய குறிப்புகள் இல்லை என்று வரலாற்றாளர்கள் அவரையே கேள்வி கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். என் அனுபவத்தில் முதலில் தனித்தனியாக, பிறகு கூட்டமாக எடுப்பதே சரி. கூட்டத்தில் அதிகாரி ஒரு தடவை சொல்லிவிட்டால் சிப்பாய்களின் நினைவு அதற்குத் தக்கபடி வளைந்துவிடும்.

வலி உள்ள பேட்டிக்கு வேறு விதி வேண்டும். நிறுத்தும் உரிமை அவருடையது என்பதை ஒலிப்பதிவைத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். கடைசிக் கேள்வி சம்பவத்தைப் பற்றி இருக்கக் கூடாது. ‘அன்றைக்கு ராத்திரி எங்கே தூங்கினீர்கள்? வீட்டுக்கு எப்போது போன் பண்ணினீர்கள்?’ என்று கேட்டு, அவரை அந்த இடத்திலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்து விடுங்கள். மறுநாள் ஒரு போன் போட்டு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதும் பேட்டியில் சேர்த்திதான்.

வகுப்பில் பயிற்சிக்கு மாணவர்கள் ஒருவரை ஒருவர் பேட்டி எடுக்கட்டும். பொருள்: ‘நான் தாமதமாகப் போன ஒரு நாள்’. போர் வேண்டாம். தாமதமாகப் போன நாளிலேயே வியர்வை, கடிகாரம், பொய்ச்சாக்கு எல்லாம் இருக்கிறது.

படி 4: கண்டது, கேட்டது, ஊகித்தது

குறிப்பேட்டை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நான் நேரில் கண்டது முதல் பத்தி. எனக்கு ஒருவர் சொன்னது இரண்டாவது, யார் சொன்னார் என்ற பெயரோடு. நான் ஊகித்தது மூன்றாவது. மூன்றாம் பத்தியிலிருந்து ஒரு சொல்கூடக் கட்டுரைக்குள் போகக் கூடாது. ‘அவர் மனத்தில் தன் குழந்தையின் முகம் நிழலாடியது’ என்று எழுதலாம், அவரே அப்படிச் சொல்லியிருந்தால். உரையாடலை மேற்கோள் குறிக்குள் போட, கேட்டவர் ஒருவராவது உறுதி செய்ய வேண்டும். நேரத்தை நினைவிலிருந்து எடுக்காதீர்கள். பதற்றத்தில் பத்து நொடி பத்து நிமிடமாகும். வயர்லெஸ் பதிவேடு, வாகனப் பதிவேடு, புகைப்படத்தின் நேரக்குறிப்பு ஆகியவற்றோடு ஒத்துப் பாருங்கள்.

இதை விதியாக மட்டும் சொன்னால் தலையாட்டுவார்கள். இரண்டு உண்மைச் சம்பவங்களைச் சொல்லுங்கள்.

2003 மார்ச் 23 அன்று ஈராக்கின் நசிரியாவில் ஜெசிகா லிஞ்ச் என்ற இளம் அமெரிக்க வீராங்கனை பிடிபட்டார். பெயர் சொல்லாத அதிகாரிகளை மேற்கோள் காட்டி, அவர் கடைசிக் குண்டுவரை சுட்டுப் போராடினார் என்று செய்தி வந்தது. உலகமே அதைப் படித்தது. உயிர் பிழைத்து வந்த அவர், தன் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, தான் ஒரு குண்டும் சுடவில்லை என்று சொன்னார்.

மறு ஆண்டு, 2004 ஏப்ரல் 22. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தை விட்டுவிட்டுப் படையில் சேர்ந்த பேட் டில்மன் ஆப்கானிஸ்தானில் இறந்தார். எதிரியோடு மோதிச் செத்தார் என்று எழுதி வெள்ளி நட்சத்திரப் பதக்கம் கொடுத்தார்கள். நினைவுக் கூட்டத்திலும் அப்படியே பேசினார்கள். அவரைச் சுட்டது அவருடைய சக வீரர்களே என்ற உண்மை வீட்டாருக்குத் தெரிய ஐந்து வாரம் ஆனது. 2007 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் டில்மனின் தம்பியும் லிஞ்சும் ஒரே நாளில் சாட்சி சொன்னார்கள்.

இந்த இரண்டு பேருடைய உண்மைக் கதையும் சிறியதல்ல. சிக்கிய துப்பாக்கியோடு உடைந்த எலும்புகளோடு பிழைத்து வந்தது போதாதா? வசதியான வாழ்க்கையை விட்டுவிட்டு வந்தது போதாதா? இட்டுக்கட்டியவர்கள் அவர்களிடமிருந்து அதைப் பறித்தார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது, வகுப்பில் அதை மறைப்பதில்லை.

படி 5: சொல்லக் கூடாததைச் சொல்லாமல் எழுதுவது

அமெரிக்கப் படைச் செய்தியாளர்களுக்கு நான்கு சல்லடை உண்டு: பாதுகாப்பு, துல்லியம், கொள்கை, நாகரிகம். வெளியாகும் ஒவ்வொரு வரியும் இந்த நான்கிலும் சலித்து வர வேண்டும். இது எந்த நாட்டுப் படைக்கும் பயன்படும்.

மாணவர்கள் இதைக் கதைக்கு எதிரியாக நினைப்பார்கள். நான் வேறுமாதிரி பார்க்கிறேன். முகாமின் இடம், ரோந்து புறப்படும் நேரம், வண்டிகளின் எண்ணிக்கை, புகைப்படத்தின் பின்னணியில் தெரியும் ஆன்டெனா, இவை எதுவும் போகக் கூடாது. போகாவிட்டால் என்ன இழப்பு? வாசகருக்கு அட்சரேகை வேண்டாம். கையுறைக்குள் விரல் மரத்துப்போனதால் தேநீர்க் குவளையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்தது வேண்டும். எதிரிக்கு அந்தக் குவளையால் எந்தப் பயனும் இல்லை.

இறந்தவர் பெயர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நெருங்கிய உறவினருக்கு நேரில் தெரிவித்து 24 மணி நேரம் கழியும்வரை பெயரை வெளியிடுவதில்லை என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விதி. வாட்ஸ்அப் காலத்தில் இதைக் காப்பது கடினம், ஆகவேதான் இன்னும் கண்டிப்பாகக் காக்க வேண்டும். ஒரு தாய் மகனின் சாவைச் செய்தியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

படி 6: எங்கே தொடங்குவது, எதை விடுவது

இங்கே ஒரே ஒரு கட்டுரையை எடுத்து ஒரு முழுக் காலைப்பொழுதும் பிரித்துப் பாருங்கள். எர்னி பைல் 1944 ஜனவரியில் இத்தாலிப் போர்முனையிலிருந்து எழுதியது. டெக்சஸ்காரரான கேப்டன் ஹென்றி வாஸ்கோவின் சாவைப் பற்றியது. அவர் 1943 டிசம்பரில் சான் பியெத்ரோ அருகே மலையில் இறந்தார். பைல் படைவீரர் அல்ல, பத்திரிகைக்காரர். 1945 ஏப்ரல் 18 அன்று ஒகினாவாவை ஒட்டிய இயே ஷிமா தீவில் இயந்திரத் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

மாணவர்களிடம் கேளுங்கள்: இதில் சண்டை எங்கே? கிடையாது. கேப்டன் எப்படி இறந்தார்? சொல்லவில்லை. நிலவொளியில் கோவேறு கழுதைகள் பிணங்களை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருகின்றன. அடிவாரத்தில் நிற்கும் வீரர்கள் ஒவ்வொருவராகக் கேப்டன் அருகே வருகிறார்கள். ஒருவர் திட்டுகிறார். ஒருவர் மன்னிப்புக் கேட்கிறார். கடைசியாக ஒருவர் உட்கார்ந்து இறந்தவர் கையைப் பிடித்தபடி ஐந்து நிமிடம் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார், ஒரு சத்தமும் இல்லை. கையை விடுகிறார், சட்டைக் காலரின் முனைகளை நேராக்குகிறார், காயத்தைச் சுற்றிக் கிழிந்த துணியைச் சரிசெய்கிறார், எழுந்து சாலையில் நடந்து போய்விடுகிறார்.

ஒரு நல்ல அதிகாரி இறந்தார் என்பதை விளக்க பைல் அடைமொழியை நம்பவில்லை, அந்தக் காலரை நம்பினார். கேப்டனின் குணத்தைச் சொல்ல ஆரம்பத்தில் வீரர்களின் சில வாக்கியங்கள் போதுமாக இருந்தன. வாஷிங்டன் டெய்லி நியூஸ் தன் முதல் பக்கம் முழுவதையும் இந்த ஒரு கட்டுரைக்கே கொடுத்தது.

இதிலிருந்து அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது குறைவுதான். சம்பவத்தின் முதல் நிமிடத்தில் தொடங்காதீர்கள், எல்லாம் முடிவாகப்போகிற கட்டத்துக்குச் சற்று முன்னால் தொடங்குங்கள். பின்னணியை இரண்டு மூன்று வாக்கியங்களுக்கு மேல் ஒரே இடத்தில் கொட்டாதீர்கள். படைப்பிரிவின் வரலாறு, தளபதியின் பாராட்டுரை ஆகியவற்றைத் தனிப் பெட்டிச் செய்தியாக வையுங்கள், மேலிடத்துக்கும் மனக்குறை வராது.

படி 7: மேலதிகாரி மேசையைத் தாண்டுவது

நல்ல கட்டுரை இங்கேதான் சாகும். ‘ஜவான் பயந்தான் என்று எழுதாதே’, ‘அந்தக் கெட்ட வார்த்தையை எடு’, ‘என் உரையை மேலே போடு’.

எதிர்த்துச் சண்டை போடக் கற்றுக்கொடுக்காதீர்கள், அவர்களால் முடியாது. அதற்குப் பதில் ஒரு கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்: ‘சார், இந்த வரி நான்கில் எதில் இடிக்கிறது? பாதுகாப்பா, துல்லியமா, கொள்கையா, நாகரிகமா?’ பணிவான கேள்விதான். பதில் இருந்தால் வரியை எடுத்துவிட வேண்டும், முணுமுணுக்காமல். பதில் இல்லாமல் ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்று வந்தால், வரிக்கு ஆதாரத்தையும் பேட்டி கொடுத்தவரின் சம்மதத்தையும் கோப்பில் வைத்துக் காட்டலாம். வகுப்பில் இதை நடித்துப் பார்க்கவையுங்கள். மேஜர் லான்ஸ் நாயக்காகவும், லான்ஸ் நாயக் கர்னலாகவும் உட்காரட்டும்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயந்த ஆள் எழுந்து போனார் என்றால்தான் அது வீரம் என்று வாசகருக்குப் புரியும். பயத்தை எடுத்துவிட்டால் அவர் நடந்துபோனார் என்பது மட்டும் மிஞ்சும். அதிகாரிகள் பலரும் களம் கண்டவர்கள். இப்படி எடுத்துச் சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள்.

படி 8: ஐந்தாம் நாள்

எல்லாரும் 800 சொல்லுக்குள் ஒரு கட்டுரை முடித்திருக்க வேண்டும். மதிப்பெண் போடாதீர்கள். காலையில் ஒவ்வொருவரும் தன் கட்டுரையை வாய்விட்டு வாசிக்கட்டும். கேட்பவர்கள் கண்ணில் நின்ற ஒரு காட்சியையும், நம்ப முடியாமல் போன ஒரு வரியையும் மட்டும் சொல்லட்டும். ‘நல்லா இருக்கு’ என்ற சொல்லுக்கு அன்றைக்குத் தடை.

மதியம், கட்டுரையின் நாயகருக்கே போன் போட்டு முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். இதற்குத்தான் எல்லாரும் அஞ்சுவார்கள். ஒரு முறை என் மாணவர் ஒருவர், ஆற்றில் இறங்கி ஒரு மூதாட்டியைத் தூக்கிவந்த ஹவில்தாரைப் பற்றி எழுதியிருந்தார். வாசித்து முடித்ததும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அவர் சொன்னார்: ‘எல்லாம் சரிதான் தம்பி. ஆனா அந்தப் பாட்டி என் தோள்ல உக்காந்திருந்தாங்கன்னு எழுதியிருக்க. தோள்ல இல்ல, முதுகுல. என் காதைப் பிடிச்சிக்கிட்டு இருந்தாங்க, ரெண்டு காதையும்.’

மாணவர் பேனாவைத் தேடினார்.